சுவை: இருபதுக்குப் பதினாறு

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீ, அண்ணி, பாப்பா மூவரும் சுகம்தானே? இதைப் போனிலேயே கேட்டிருப்பேன். பதினோரு தடவை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் குரல் சிறிது நேரம் கழித்து முயலச் சொல்கிறது. அவளோடு எனக்கு நல்ல பழக்கமாகிவிட்டது. கடிதம் என்றால் எப்படியும் உன் கதவடியில் வந்து விழும். குனிந்து எடுத்துத்தானே ஆக வேண்டும்?

ஒரு நல்ல சேதி. பீர் ஆலையில் என்னைச் சுவைப்பு அறைக்குத் தலைமையாகப் போட்டுவிட்டார்கள். எங்கள் ஆலையிலிருந்து வெளியே போகிற எந்தச் சரக்கும் இனி என் கையெழுத்து இல்லாமல் போகாது. உன் தங்கை குடித்துச் சம்பளம் வாங்குகிறாள் என்று ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதே. அம்மா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். உண்மையைச் சொன்னால் இந்த நாற்காலி உன்னுடையது. நம் வீட்டில் மூக்கு உனக்குத்தான். பால் திரிவதற்கு முந்தின நாளே சொல்லிவிடுவாயே!

பாப்பாவுக்குக் காலணி வாங்கி அனுப்பலாம் என்று இருக்கிறேன். ஒன்பது வயதுக் கால் எவ்வளவு நீளம் என்று எனக்கு எப்படித் தெரியும்? தாளில் வரைந்து அனுப்பு. அண்ணிக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நீ படிக்காதே.

அன்புடன்,
உன் தங்கை


பிப்ரவரி 24

என் கட்டெறும்புக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

போனை எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறேன், அங்கே சிக்னல் வராது. வீட்டுக்கு வந்தால் பேச வாய் எழுவதில்லை. கடிதமே நல்லது. கேட்டதற்கெல்லாம் கேட்ட கையோடு பதில் சொல்ல வேண்டியதில்லை.

தலைமைப் பதவிக்கு வாழ்த்து. உன் அண்ணி எப்போதும்போல் இருக்கிறாள். அவளுக்கு நீ எழுதியதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பாப்பாவின் பாதத்தை வரைந்து அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் வரைய முடிந்தது, அதனால்தான் தாமதம். பூங்கா பெஞ்சில் தாளை விரித்து வரைந்ததால் குதிகால் பக்கம் கோடு ஓடிவிட்டது. கால் கோணல் என்று நினைத்துவிடாதே.

வியாழக்கிழமை மாலைகளில் ஒரு வகுப்புக்குப் போகிறேன். மற்றபடி வேலை, வீடு.

நீ அங்கே என்னதான் செய்கிறாய்? குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது, இல்லை என்று தலையாட்டுவதற்கு ஓர் அறையா? விவரமாக எழுது.

உன் அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். உங்கள் நலம் எழுது, குறிப்பாக அண்ணியின் முதுகுவலி. நாற்பத்தாறு வயதில் உனக்கு என்ன வகுப்பு? நீச்சலா? எழுதும்போது மறக்காமல் சொல்.

தலையாட்டுகிற அறை என்றா சொல்கிறாய்? கேள். ஆறு சின்னத் தடுப்புகள், எல்லாம் வெள்ளை. ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் ஒரு சின்னக் கதவு. காலை பத்து மணிக்கு அந்தக் கதவு திறக்கும், ஒரு கை மட்டும் வந்து கோப்பையை வைத்துவிட்டுப் போகும். நாலு வருஷமாக அந்தக் கையைப் பார்க்கிறேன். மோதிரம் மாறியது தெரியும், முகம் தெரியாது. பேசக் கூடாது. பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று முகத்தில்கூடக் காட்டக் கூடாது, பக்கத்துத் தடுப்பில் இருப்பவரின் மதிப்பெண் கெட்டுவிடுமாம். வாசனை சோப்பு போடக் கூடாது. முந்தின நாள் பூண்டு சாப்பிடக் கூடாது.

இப்போது எங்களிடம் இருப்பது இம்பீரியல் ஸ்டவுட். பீரில் அதைவிடக் கனமானது அபூர்வம். போர்பன் விஸ்கி ஊறிக் காலியான இருபத்திரண்டு பீப்பாய்களில் பதினோரு மாதம் அடைத்து வைத்திருக்கிறோம். அந்தப் பீப்பாய்களின் உட்புறத்தைக் கரியாகும்வரை சுட்டிருப்பார்கள். ஊற்றினால் வெளிச்சம் உள்ளே போகாது, அவ்வளவு கறுப்பு. நுரை தோல் நிறத்தில் வரும். ஜில்லென்று கொடுத்தால் வாயே திறக்காது. கையால் கோப்பையைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும். முதலில் காப்பி வரும். பிறகு கருகிய சர்க்கரை, உலர்ந்த திராட்சை. கொஞ்சம் சூடு ஏறியதும் பீப்பாய் பேச ஆரம்பிக்கும்: வெனிலா, தேங்காய்ப்பால், பழைய மர அலமாரி.

முதலில் பார்க்க வேண்டும், பிறகு முகர வேண்டும், அப்புறம்தான் வாய். வைன் சுவைப்பவர்கள் துப்பிவிடுவார்கள். நாங்கள் விழுங்க வேண்டும். பீரின் கசப்பு தொண்டையைத் தாண்டும்போதுதான் முழுதாக எழும். எவ்வளவு பெரிய மூக்கானாலும் அதை முகர்ந்து சொல்ல முடியாது. மொத்தம் ஐம்பது மதிப்பெண். மணத்துக்குப் பன்னிரண்டு, தோற்றத்துக்கு மூன்று, சுவைக்கு இருபது, வாயில் எப்படி நிற்கிறது என்பதற்கு ஐந்து, ஒட்டுமொத்தமாகப் பத்து.

வேலை முடிந்தால் நாக்கு செத்துப்போயிருக்கும். வீட்டுக்கு வந்து ஒரு முட்டையை அவித்து உப்பில்லாமல் சாப்பிடுவேன். ஒரு நாள் ஒன்பதாம் பீப்பாயைக் குடித்தபோது எழுந்து ஓடிப்போய் யாரிடமாவது "அடடா, இதக் குடிச்சுப் பாருங்களேன்" என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. தாளில் நாற்பத்தாறு என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

போதும், உனக்குக் கொட்டாவி வந்திருக்கும்.

அன்புத் தங்கை


மார்ச் 30

கட்டெறும்புக்கு,

நலமே. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

போன வாரம் ஒரு பழைய கட்டடத்தில் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு பெரியவர். மோட்டாரைச் சரிசெய்ய நாற்பது நிமிஷம் ஆகும் என்று கூட வந்தவன் மேலே போனான். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"போயிடாதீங்க."

"எங்க போறேன்? இங்கதான் நிக்கிறேன்."

"அப்ப எதையாவது பேசுங்க தம்பி. சத்தம் இல்லன்னா மூச்சு முட்டுது."

என்ன பேசுவதென்று தெரியவில்லை. உன் கறுப்பு பீரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நீ எழுதியது அப்படியே வாயில் வந்தது: காப்பி, கருகிய சர்க்கரை, தேங்காய்ப்பால். அவர் உள்ளிருந்து "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டு, "வாங்க தம்பி, அந்தக் கறுப்பு பீரையே ஆளுக்கு ஒண்ணு அடிச்சிட்டு வருவோம்" என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை.

அடுத்த கடிதத்தில் பீரை விட்டுவிட்டு வேறு ஏதாவது எழுதேன். உன் ஜன்னலில் என்ன தெரிகிறது?

உன் அண்ணன்


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

சௌக்கியமா? எனக்கு லேசாகச் சளி, இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூக்கடைத்த சுவைப்பாளரை வைத்துக்கொண்டு ஆலை என்ன செய்யும்?

என் ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவர் தெரிகிறது. அதில் ஒரு குழாய். குழாயில் காலையில் ஒரு புறா, மாலையில் வேறொரு புறா. ஒரே புறாவாகவும் இருக்கலாம். அவ்வளவுதான் என் ஜன்னல்.

லிஃப்ட் பெரியவர் கதையைப் பீப்பாய்க் கிடங்குக்காரரிடம் சொன்னேன். அவருக்குக் காது மந்தம், எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்ல வேண்டும், ஆலை முழுக்கக் கேட்டுவிட்டது. "உங்க அண்ணன் நம்ம சரக்கக் குடிச்சதே இல்லையா? என்ன தங்கச்சி நீங்க!" என்று எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொல்வதும் சரிதானே?

இருபத்திரண்டு பீப்பாய்களையும் கலந்து பாட்டிலில் அடைத்துவிட்டோம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்துடன் வரும் பெட்டியில் பாப்பாவின் காலணிக்கு அடியில் துணி சுற்றி ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன், மதிப்பெண் தாளும் இருக்கிறது. அண்ணியும் நீயும் ஆளுக்குக் கொஞ்சம் குடியுங்கள். ஆனால் தாளை நீ நிரப்ப வேண்டும். உன் மூக்கில் என்ன வருகிறதோ அதை ஒளிக்காமல் எழுது. நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதே. எனக்கு உன் மூக்கு வேண்டும், பாராட்டு வேண்டாம்.

அன்புத் தங்கை


மே 6

அண்ணா,

எல்லோரும் நலம்தானே? பெட்டி ஏப்ரல் இருபதாம் தேதியே உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டதாகத் தபால்காரர்கள் சொல்கிறார்கள். கையெழுத்தும் போட்டு வாங்கியிருக்கிறாய். காலணி சேரவில்லையா? பாட்டில் உடைந்துவிட்டதா? உடைந்திருந்தால் சொல், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பத்து நாள் பார்த்தேன். இப்போது தினமும் மாலையில் தபால் பெட்டியை இரண்டு தடவை திறக்கிறேன்.

தங்கை


மே 19

கட்டெறும்புக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். காலணி வந்தது, பாப்பாவின் காலுக்குச் சரியாக இருக்கும்.

எனக்குக் கொஞ்ச நாளாக வயிறு சரியில்லை. பீரெல்லாம் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் ஊற்றி முகர்ந்து மட்டும் பார்த்தேன். நீ சொன்னதுபோல் கோப்பையைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காப்பி வந்தது. சர்க்கரை வந்தது. தேங்காய்ப்பால் என்று நீ சொல்வது எனக்குப் புதுக் கதவுப் பலகை மாதிரி இருந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சூடு ஏறியபிறகு அடியில் வேறொன்று வந்தது. மெலிதாகத்தான். மோட்டார் எரிவதற்கு முன்னால் ஒரு வாடை வருமே, மீட்டரில் எதுவும் காட்டாது, ஆனால் எனக்குத் தெரிந்துவிடும், அதுபோல. என்னவென்று பிடிபடவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குளியலறை அலமாரியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. உன் அண்ணி விட்டுப்போன நெயில் பாலிஷ் அழிக்கிற மருந்து. மூடியைத் திறந்து முகர்ந்தேன், திரும்பி வந்து பீரை முகர்ந்தேன். அதேதான். அதற்கும் அடியில் துளி வினிகர்.

விட்டுப்போன என்று எழுதிவிட்டேன். இனி மறைத்து என்ன? அவள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நவம்பர் கடைசியில் போய்விட்டாள். இதே நகரத்தில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பூங்காவில் பாப்பாவை என்னோடு விடுகிறாள். தப்பு அவள்மேல் இல்லை. இதற்குமேல் கேட்காதே.

தாளை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். மணம் எட்டு, தோற்றம் மூன்று, சுவை பதினாறு, வாயில் நிற்பது ஐந்து, ஒட்டுமொத்தம் ஏழு. மொத்தம் முப்பத்தொன்பது. நல்ல பீர்தான். அந்த வாடை மட்டும் கூடாது.

உன் அண்ணன்


மே 27

அண்ணா,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க இந்தத் தடவை கை வரவில்லை.

அண்ணியைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்றாய், கேட்கவில்லை. அவள் போனது தெரியாமல் அண்ணியின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேனே, அதை நினைத்தால்தான் கூசுகிறது.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாடை எனக்குத் தெரியும். ஏழாம் பீப்பாயிலும் பதினைந்தாம் பீப்பாயிலும் மார்ச் மாதமே இருந்தது. பீப்பாயில் எங்கோ காற்று புகுந்து புளிக்கத் தொடங்கியிருக்கிறது. அந்த இரண்டையும் ஒதுக்க வேண்டும் என்று எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். மற்ற இருபதோடு கலந்தால் தெரியாது என்றார். தலைமைப் பதவி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கையெழுத்துப் போட்டேன். அதற்கப்புறம் தினமும் குடித்துப் பார்க்கிறேன். ஒரு நாள் இருக்கிறதுபோல் இருக்கும், மறுநாள் என் மனப்பிராந்தி என்று தோன்றும். யாரிடமும் கேட்க முடியாது, கேட்டால் கையெழுத்தை ஏன் போட்டாய் என்பார்கள். அதனால்தான் உனக்கு அனுப்பினேன். பரிசு என்று நினைத்திருப்பாய். பரிசு இல்லை, அண்ணா. உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

இப்போது உன்னுடையது. முகர்ந்து மட்டும் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். சுவைக்குப் பதினாறு போட்டிருக்கிறாய். வாயில் நிற்பதற்கு ஐந்துக்கு ஐந்து. தாளின் ஓரத்தில் பென்சிலால் 'கசப்பு தொண்டையில் நின்று மெதுவாக இறங்குகிறது' என்று எழுதி, அழித்திருக்கிறாய். என் வேலையே இந்தத் தாள்களைப் படிப்பதுதான். வெறும் மூக்கை வைத்துக்கொண்டு அதை யாரும் எழுத முடியாது.

வயிற்றுக்கு டாக்டர் சொன்னார் என்பதும் பொய்தானே? வியாழக்கிழமை வகுப்பு என்ன வகுப்பு என்று இன்றைக்குத்தான் புரிகிறது. பீரை விட்டுவிட்டு வேறு ஏதாவது எழுது என்றாயே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? எத்தனை நாளாகக் குடியை நிறுத்தியிருந்தாய்?

திங்கட்கிழமை முதலாளியிடம் போகிறேன். நீ திட்டியாவது ஒரு வரி எழுது.

தங்கை


ஜூன் 9

அண்ணா,

பதில் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள். நடந்ததைச் சொல்கிறேன், படித்தால் போதும்.

திங்கட்கிழமை காலை முதலாளியின் அறைக்குப் போய்க் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"கையெழுத்தென்ன கைக்குட்டையா, திரும்ப எடுத்துக்கறதுக்கு? நீங்கதானே போட்டீங்க?"

"ஆமா சார். தப்பாப் போட்டுட்டேன்."

"இருபத்திரண்டுல ரெண்டு. எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

"ஒருத்தர் கண்டுபிடிச்சிட்டார் சார்."

"யாரு? எந்த ஆலைக்காரன்?"

"ஆலைக்காரர் இல்ல. லிஃப்ட் மெக்கானிக்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார். பீப்பாய்க் கிடங்குக்காரரைக் கூப்பிட்டு, பாய்லர் பக்கத்தில் வெதுவெதுப்பான அறையில் வைத்திருந்த மூன்று பாட்டில்களைக் கொண்டுவரச் சொன்னேன். கடையில் மூன்று மாதம் இருந்தால் எப்படி ஆகுமோ அப்படி ஆகியிருக்கும். திறந்ததும் நான் முகரக்கூட இல்லை. கிடங்குக்காரர், காதுதான் மந்தம், மூக்கு நன்றாக இருக்கிறது, "ஐயையோ, ஊறுகாய் போடலாம் போலிருக்கே!" என்று கத்தினார்.

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லாரியில் ஏற்றியிருந்ததை இறக்கச் சொன்னார். கடைகளுக்குப் போனதைத் திரும்ப வாங்கச் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு என்னிடம், "நாளையிலிருந்து நீங்க சுவைப்பு அறைக்கு வர வேண்டாம். லேபிள் பிரிவுல ஆள் கேட்டுட்டிருக்காங்க" என்றார். நியாயம்தான். ஒரு தடவை பொய்க் கையெழுத்துப் போட்டவளை எப்படி நம்புவது?

அன்று மாலை முழுதும் பீரைக் குழாயில் கொட்டினார்கள். இருபது நல்ல பீப்பாய்களும் அதில்தான் இருந்தன, ஒன்பதாவது உட்பட. முற்றம் முழுக்கக் காப்பி வாசம். நான் நின்று பார்த்தேன். யாரும் என்னோடு பேசவில்லை.

நீயும் பேசவில்லை. ஒரு வரி, அண்ணா.

தங்கை


ஜூலை 12

கட்டெறும்புக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் மேசைமேல்தான் இருந்தன. முதலாவதைப் பிரித்தேன், இரண்டாவதைப் பிரிக்க ஒரு மாதம் ஆயிற்று.

நீ கேட்டதற்குப் பதில். ஜனவரி இரண்டாம் தேதியிலிருந்து மே பதினைந்துவரை நூற்று முப்பத்து நாலு நாள். வியாழக்கிழமைகளில் குடியை விட்டவர்கள் எல்லோரும் ஒரு பள்ளிக்கூடத்து அறையில் பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். ஆளுக்கு ஆள் எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து நூற்றிருபத்தாறு என்று சொன்னபோது ஒரு பஸ் டிரைவர் கை தட்டினார்.

உன் பாட்டில் இருபத்தாறு நாள் சமையலறையில் இருந்தது. கொட்டியிருக்கலாம். நீ கையெழுத்துப் போட்ட பொருளை எப்படிக் கொட்டுவது என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை மத்தியானம் திறந்தேன். நிஜமாகவே முகர்ந்து பார்க்கத்தான். ஒரு மணி நேரம் முகர்ந்தேன். நெயில் பாலிஷ் மருந்தைக் கண்டுபிடித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லத் திரும்பினேன், வீட்டில் யாரும் இல்லை. அப்போதுதான் குடித்தேன். முழுப் பாட்டிலையும்.

மறுநாள் ஞாயிறு, பாப்பாவின் முறை. பூங்கா வாசலில் ஒன்றே கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். உனக்கு அந்தக் கடிதத்தை எழுதியபோதுகூடப் பக்கத்தில் கிளாஸ் இருந்தது. உன் பீர் இல்லை, கடையில் வாங்கியது. ஒன்பது நாள் அப்படியே போயிற்று. பத்தாவது நாள் வேலையில் எட்டாவது மாடி உயரத்தில் நின்று குனிந்தபோது பார்த்தேன், சேஃப்டி பெல்ட்டைக் கொக்கியில் மாட்டவே இல்லை. மாட்டினேனா இல்லையா என்றுகூடத் தெரியாமல் ஏறியிருக்கிறேன். மெதுவாக மாட்டினேன். கீழே வந்து சூப்பர்வைசரிடம், "சார், என்னை மேல ஏத்தாதீங்க. குடிச்சிருக்கேன்" என்றேன். அவர் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு "உக்காருங்க" என்றார். இப்போது பட்டறையில் பழைய மோட்டார்களைப் பிரித்துக் கொடுக்கிறேன், தரையில்.

மூன்று மாதம் குடிக்காமல் இருந்து காட்டினால்தான் பாப்பாவை விடுவேன் என்கிறாள் அவள். சரியென்று சொல்லிவிட்டேன். காலணியை மட்டும் கொடுத்தனுப்பினேன். இன்றைக்கு நாற்பத்தெட்டாவது நாள்.

பாட்டிலை அனுப்பியது நீ. திறந்தது நான். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. முதலாளியிடம் போனாயே, அது பெரிய காரியம். எனக்கு அந்தக் கத்துகிற கிடங்குக்காரரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

உன் அண்ணன்


ஜூலை 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இரு. நாற்பத்தெட்டோடு ஒன்பதைக் கூட்டினால் இன்று ஐம்பத்தேழு. தபால் எடுக்கும் நாளையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

லேபிள் பிரிவில் நாள் முழுக்க நிற்கிறேன். ஒட்டியது கோணலா, நேரா, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் பேசலாம், சிரிக்கலாம். எனக்குத்தான் என்ன பேசுவதென்று தெரியவில்லை. காலை பத்து மணியானால் வாயில் எச்சில் ஊறுகிறது, நாக்குக்கு இன்னும் சேதி போகவில்லை. முந்தாநாள் பூண்டை அள்ளிப் போட்டுச் சமைத்தேன். நாலு வருஷத்துக்குப் பிறகு. தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எதிர்நாற்காலி காலியாக இருந்தது. அது எப்போதும் காலிதான், அன்றைக்குத்தான் பார்த்தேன். நல்ல பீருக்கு "அடடா" சொல்ல ஆளில்லை என்று உனக்குப் புலம்பினேன். நீயோ ஒரு வாடையைக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்து நின்றிருக்கிறாய். நாம் இருவரும் என்ன பிறவிகள், அண்ணா?

எனக்குப் பத்து நாள் விடுப்பு சேர்ந்திருக்கிறது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சனிக்கிழமை வரட்டுமா? ரயிலில் இரண்டு நாள். நீ அந்த வீட்டுக்குக் குடிபோய் மூன்று வருஷம் ஆகிறது, நான் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. உன்னைக் காவல் காக்க வரவில்லை. அலமாரியையெல்லாம் திறந்து பார்க்க மாட்டேன். வேண்டாமென்றால் வேண்டாமென்று எழுது, கோபப்பட மாட்டேன். பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தங்கை


ஜூலை 25

கட்டெறும்புக்கு,

நலம். அறுபத்தொன்று.

வா.

இந்த ஒரு சொல்லை மட்டும் எழுதித் தபாலில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் உனக்கு வழி தெரியாதே. பாப்பாவை இந்தத் தடவை என்னோடு பார்க்க முடியாது. நீ தனியாகப் போய்ப் பார்க்கலாம், உன்மேல் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. என்னிடம் காட்டுவதற்குப் பெரிதாக எதுவும் கிடையாது. சனி மத்தியானம்தான் எனக்குக் கஷ்டமான நேரம். சும்மா பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிரு. புறாவைப் பற்றியென்றாலும் சரி.

ரயில் நிலையத்தில் இறங்கிப் பெரிய வாசல் வழியாக வராதே, பின்பக்கப் படிக்கட்டு. பதினான்காம் எண் பஸ். கடைசிக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கு. துணி வெளுக்கும் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் பச்சைக் கதவு, தள்ளினால் திறக்கும். மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யாது, சிரிக்காதே, அது எங்கள் கம்பெனி லிஃப்ட் இல்லை. படியில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் விளக்கு எரியாது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறு. இடது பக்கம் இரண்டாவது கதவு. பெல் கெட்டுப்போயிருக்கிறது, கையால் தட்டு. வர எத்தனை மணியானாலும் பரவாயில்லை, தட்டு.

நான் உள்ளேதான் இருப்பேன்.

உன் அண்ணன்